மாதாஜியின் விலைபோகாத ரிவால்வர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் துப்பாக்கி ஆசாமி இல்லை. சின்ன வயதில் தீபாவளிக்குப் பொட்டு கேப் வெடித்ததோடு நம் வீரம் முடிந்தது. ஆம்பூரில் பிறந்து, தோல் பதனிடுகிறவர்களுக்கு ரசாயனம் விற்கிற வேலைக்குப் போய், அந்தத் தோல் வாடையே இழுத்துக்கொண்டு வந்து போட்ட ஊர் கான்பூர். வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தோலைப் பற்றி என்றால் நாலு பதிவு மூச்சுவிடாமல் எழுதுவேன். துப்பாக்கியைப் பற்றி எழுதவேண்டி வந்தது எதிர்வீட்டு மாதாஜியால்.

அதற்கு முன் கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிவிடுகிறேன். இங்கே வந்த புதிதில் ஆபீஸ் நண்பர் ஒருவரின் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தோம். ஊர்வலத்தில் ரெட்டைக்குழல் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலைந்து பேர் நடக்கிறார்கள். திடீரென்று ஒருவர் வானத்தைப் பார்த்து டமால். தங்கமணி என் சட்டையைப் பிடித்து, "என்னங்க, பொண்ணு வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் சண்டையா?" என்றாள். சண்டை இல்லையாம், சந்தோஷமாம். (இந்தச் சந்தோஷத்தில் மாப்பிள்ளையே செத்த கதைகள் உண்டு. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இதற்கு இரண்டு வருஷம் வரை ஜெயில்.) நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு மைக் செட் எப்படியோ, இந்தப் பக்கத்தில் துப்பாக்கி அப்படி. உள்துறை அமைச்சகக் கணக்கில் 2016 கடைசியில் நாடு முழுக்க இருந்த ஆயுத லைசென்ஸ் சுமார் 33.7 லட்சம். அதில் 12.77 லட்சம் உத்தரப்பிரதேசத்தில் மட்டும். அப்பன் செத்தால் பிள்ளைக்கு நிலம், மாடு, துப்பாக்கி என்று பிரித்துக் கொடுக்கிற ஊர்.

இப்போது மாதாஜி. எதிர்வீட்டு டாக்குர் சாஹிப் 2019 இலையுதிர் காலத்தில் காலமானார். வீட்டில் மாதாஜியும், கூட இருந்து படிக்கிற பேத்தியும். மகன் புனேயில் சின்ன வேலையில். பேத்தி பிளஸ் டூ. நர்சிங் படிக்க வேண்டும் என்று பிடிவாதம். ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து மாதாஜியின் குடும்ப பென்ஷனுக்குக் கட்டுப்படியாகாது. ஆனாலும் மாதாஜி கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. காரணம், டாக்குர் சாஹிப் எப்போதும் சொல்லிக்கொண்டிருந்தாராம்: "கஷ்டம் வந்தா பிதாஜியோட ரிவால்வரை வித்துக்கோ. இங்கிலாந்து சாமான். அது இருக்கிற வரைக்கும் நீ யார்கிட்டயும் கையேந்த வேண்டாம்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் தெருவிலேயே ரிட்டையர்டு அதிகாரி ஒருவர் தன் பழைய வெளிநாட்டுக் கைத்துப்பாக்கியை விற்று, அந்தப் பணத்தில் மாடியில் இரண்டு ரூம் எழுப்பியிருந்தார். உள்ளங்கை அகலம்கூட இல்லாத பொடிசு. அதுவே அவ்வளவு போனால், டாக்குர் வீட்டு ரிவால்வர் எவ்வளவு போகவேண்டும்! அது முழங்கையில் பாதி நீளம். கையில் வாங்கினால் மணிக்கட்டு கீழே சாய்கிறது. ஒரு கிலோவுக்கு மேல் எடை.

லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைக்கவேண்டும். மாதாஜி மெஸ்டன் ரோட்டில் ஒரு கடையில் இரண்டையும் வைத்திருந்தார், ஒரு பன்னிரண்டு போர் ரெட்டைக்குழலும் இந்த ரிவால்வரும். (போர் என்றால் நம் பாரதப்போர் இல்லை. குழலின் உள் அளவுக்கு இந்த ஊரில் சொல்கிற பெயர்.) வைத்திருப்பதற்கு மாசாமாசம் வாடகை உண்டு. ஜனவரி மாதப் பனியில் ஒருநாள், "பேட்டா, நீ தோல் விஷயமா அந்தப் பக்கம் போவியே, என்னையும் கூட்டிட்டுப் போ. விலை பேசணும்" என்றார்.

மெஸ்டன் ரோடு தெரியாதவர்களுக்கு: இந்த மாகாணத்தில் வெள்ளைக்காரன் காலத்தில் லெஃப்டினென்ட் கவர்னராக இருந்த மெஸ்டன் துரையின் பெயர். ஒரு பக்கம் தோல் சாமான் கடைகள், நடு நடுவே துப்பாக்கிக் கடைகள். தோல் கடைகளில் எனக்கு எல்லாரையும் தெரியும். துப்பாக்கிக் கடைக்குள் அன்றுதான் முதல்முறை. நகைக்கடை மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனேன். நம் ஊர் பழைய சைக்கிள் கடை மாதிரி இருந்தது, எண்ணெய் வாடையோடு.

கடைக்காரர் எழுபது தாண்டியவர். எல்லாரும் சாச்சா என்றார்கள், நானும் சாச்சா என்றேன். இரும்புப் பெட்டியிலிருந்து ரிவால்வரை எடுத்துவந்து, கட்டைவிரலால் ஒரு கொக்கியைத் தள்ளினார். துப்பாக்கி நடுவில் வாழைப்பழம் மாதிரி மடிந்தது. ஆறு ஓட்டைகளும் தெரிந்தன. "வெப்லி, மார்க் ஆறு" என்றார். "1915 மாடல். முதல் உலகப்போர்ல இங்கிலீஷ் ஆபீசர்கள் இடுப்புல இருந்தது. இதுல ஒரு குறை சொல்ல முடியாது. சேத்துல போட்டு மிதிச்சு எடுத்தாலும் சுடும்."

"அப்போ என்ன விலை போகும் பாய் சாப்?" என்றார் மாதாஜி.

சாச்சா அதை மறுபடி மூடி, துணியில் வைத்தார். "பெஹன்ஜி, இதை யாரும் வாங்க மாட்டாங்க. இது சர்க்கார் வேலை பார்த்த துப்பாக்கி."

மாதாஜிக்குப் புரியவில்லை. எனக்கும்தான். விலையைக் குறைக்கப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். பெரியவர் பொறுமையாக இரண்டு காலித் தோட்டா ஓடுகளை எடுத்து மேஜையில் நிறுத்தினார். ஒன்று சுண்டுவிரல் மாதிரி, இன்னொன்று கட்டைவிரல் மாதிரி. சின்னது .32. பெரியது .455. "உங்க தெருக்காரர் வித்தது இது" என்று சின்னதைத் தொட்டார். "உங்களுது இது. இது பி.பி." என்று பெரியதைத் தள்ளினார்.

(வீட்டுக்கு வந்து "பி.பி.யாம்" என்றதும் தங்கமணி, "ஐயோ, மாதாஜிக்கா? எவ்வளவு இருக்காம்?" என்றாள். தடை செய்யப்பட்ட போர் என்பதன் சுருக்கம்தான் அது. மாதாஜிக்கும் அன்று ஏறியிருக்கும், அது வேறு.)

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு சாமான் நன்றாக இருக்கிறது, பெரிய கம்பெனி சாமான், பழுதில்லை, ஆனால் பைசா பெறாது. அதைவிடப் பலவீனமான பொடிசு லட்சங்கள் பெறுகிறது. உலகத்தில் எந்தச் சந்தையில் இப்படி? பிறகு சில மாதங்கள் சட்டம், சரித்திரம் என்று கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததில் புரிந்தது இதுதான்: கைத்துப்பாக்கிக்கு விலை வைப்பது துப்பாக்கி இல்லை, அதில் போகிற தோட்டா. அந்தத் தோட்டா யாருடையது என்பதுதான் கேள்வி. அடுப்பு வெண்கலத்திலேயே இருக்கட்டும், சிலிண்டர் கனெக்‌ஷன் கிடைக்காது என்றால் என்ன விலைக்குப் போகும்?

கதை 1857-இலிருந்து ஆரம்பிக்கிறது. சிப்பாய்கள் கலகத்தில் (இந்தக் கான்பூரே அதில் ரத்தக் களரியான ஊர்) அரண்டுபோன வெள்ளைக்காரன், அடுத்த இருபது வருஷத்தில் ஜனங்களின் கையிலிருந்து ஆயுதத்தைப் பிடுங்க ஆரம்பித்தான். லிட்டன் வைசிராயாக இருந்தபோது 1878-இல் வந்தது ஆயுதச் சட்டம். இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். வெள்ளைக்காரனுக்கு விலக்கு.

ஆனால் லைசென்ஸ் மட்டும் போதவில்லை. ராணுவத்தில் திருட்டுப்போகிற துப்பாக்கிகள் இருந்தனவே, குறிப்பாக வடமேற்கு எல்லையில். திருடிய துப்பாக்கி தோட்டா இல்லாவிட்டால் வெறும் உலக்கை. அந்தத் தோட்டா கடையில் கிடைத்துவிட்டால்? அப்போது ராணுவத்தில் இருந்து ஒதுக்கப்பட்டுக்கொண்டிருந்த மார்ட்டினி ஹென்றி ரைஃபிளின் குண்டு .450 அளவு. புலி வேட்டைக்குத் துரைமார்கள் வைத்திருந்த பெரிய ரைஃபிள்களில் பலவும் அதே .450. வேட்டைக்காரன் பெயரில் வாங்குகிற குண்டு எல்லையில் கலகக்காரன் கைக்குப் போகும் என்று பயந்து, 1900களின் முதல் பத்தாண்டில் இந்தியாவுக்குள் .450 ரைஃபிளும் தோட்டாவும் வருவதற்கே தடை போட்டார்கள். தங்கள் சொந்த இனத்து வேட்டைக்காரர்களின் துப்பாக்கிக்கே!

லண்டன் கம்பெனிகள் சும்மா இருக்குமா? இந்தியா அவர்களுக்குப் பெரிய சந்தை. தோட்டாவின் அளவைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் புதுசு புதுசாக இறக்கினார்கள். .465 வந்தது, .470 வந்தது, .475 வந்தது. வேலை ஒன்றுதான், எண் மட்டும் வேறு. அதில் .470 இன்றைக்கும் ஆப்பிரிக்காவில் யானை வேட்டைக்காரர்கள் கையில் உயிரோடு இருக்கிறது. சட்டத்தில் ஒரு எண்ணை எழுதினால் பிர்மிங்ஹாமிலும் லண்டனிலும் பட்டறை வேறு எண்ணில் ஓடும். எனக்கு இந்தச் சரித்திரத்திலேயே ரொம்பப் பிடித்த இடம் இது.

கைத்துப்பாக்கி மேல் சர்க்காருக்கு இருந்த பயம் இன்னும் பெரிது, அது சட்டைக்குள் ஒளியுமே. 1911 ஜூன் 17 அன்று நம் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால். மூன்று வருஷம் கழித்து, 1914 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவில் ரோடா கம்பெனி என்ற துப்பாக்கி வியாபாரிக்குத் துறைமுகத்திலிருந்து போன சரக்கில் பத்துப் பெட்டிகள் வழியிலேயே காணாமல் போயின. உள்ளே 50 மௌசர் கைத்துப்பாக்கிகள், 46,000 தோட்டாக்கள். வண்டி ஓட்டிப்போன ஆளே புரட்சிக்காரர்களோடு சேர்ந்தவர். அந்த மௌசர்கள் வங்காளத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் தலைகாட்டின என்று 1918-இல் ரௌலட் கமிட்டி கணக்கு எழுதியது. துப்பாக்கியைவிட அந்த நாற்பத்தாறாயிரம்தான் அவர்களைத் தூங்கவிடாமல் செய்திருக்கும் என்பது என் ஊகம்.

சுதந்திரம் வந்தது. வெள்ளைக்காரன் போனான், அவன் பயம் மட்டும் ஃபைலிலேயே தங்கிவிட்டது. 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் போட்டு, 1962 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கூடவே 1962 விதிகள். அதன் முதல் அட்டவணையில்தான் மாதாஜியின் தலைவிதி எழுதியிருந்தது. .380 அல்லது .455 விளிம்புள்ள தோட்டா போட்டுச் சுடக்கூடிய, அல்லது ராணுவ 9 மி.மீ., விளிம்பில்லாத .45 தோட்டா போட்டுச் சுடக்கூடிய எந்தப் பிஸ்டலும் ரிவால்வரும் தடை செய்யப்பட்ட ரகம். நன்றாகக் கவனியுங்கள், பட்டியலில் கம்பெனி பெயர் ஒன்றுகூட இல்லை. ஆபத்தானது, பெரியது என்ற பேச்சும் இல்லை. இருப்பது தோட்டாவின் பெயர் மட்டும். அவை நான்கும் ஏதோ ஒரு காலத்தில் பட்டாளம் பயன்படுத்தியவை. .455 முதல் உலகப்போர் வெப்லியுடையது. .380 அதற்குப் பின்னால் 1930களில் வந்த என்ஃபீல்டு ரிவால்வருடையது. 9 மி.மீ. ஸ்டென் துப்பாக்கியுடையது. .45 அமெரிக்கன் பட்டாளத்துடையது.

ஆக, சாச்சா சொன்னது விளையாட்டுப் பேச்சு இல்லை. சர்க்கார் வேலை பார்த்த தோட்டா பொதுஜனத்துக்கு ஆகாது. .455 குண்டு சுமார் 17 கிராம். .32 ரிவால்வர் குண்டு 6 கிராம் சொச்சம். அந்த 6 கிராமை எந்தப் பெரிய பட்டாளமும் சீந்தவில்லை. அதனாலேயே அது இந்தியாவில் பிழைத்தது. .32-இல் இரண்டு ஜாதி. ரிவால்வருக்கான நீளமானது அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1896-இல் கொண்டுவந்தது. பிஸ்டலுக்கான குட்டையானது 1899-இல் பிரௌனிங் வடிவமைத்தது. அங்கே ஊரில் சட்டைப்பை சாமான் என்று இளப்பமாகப் பார்க்கப்பட்டது இங்கே ராஜாவாகிவிட்டது. லைசென்ஸ் கலெக்டரிடமே வாங்கலாம், தோட்டா உள்நாட்டிலேயே புனே பக்கம் கட்கி தொழிற்சாலையில் செய்கிறார்கள். தடை ரகத்துக்கு டெல்லி உள்துறை அமைச்சகம் வரை போகவேண்டும், அதுவும் உயிருக்குப் பெரிய ஆபத்து இருக்கிறது என்று காட்டவேண்டும். தோட்டா எந்தக் கடையிலும் தொங்காது.

அடுத்த அடி 1980களின் நடுவில். பஞ்சாப் பற்றி எரிந்துகொண்டிருந்த காலம். வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதிக்குக் கதவைச் சாத்தினார்கள். துப்பாக்கிச் சுடும் விளையாட்டு வீரர்கள், குடிபெயர்ந்து திரும்புகிறவர்கள் என்று சில விலக்குகள் தவிர எதுவும் உள்ளே வராது. அன்றைக்கு நாட்டுக்குள் இருந்த வெளிநாட்டு .32 எத்தனையோ அத்தனைதான். உடைந்தால் குறையும், கூடாது. நம் ஊரில் ஆற்றங்கரை நிலம் மாதிரி ஆகிவிட்டது. கஸ்டம்ஸ்காரர்கள் பறிமுதல் செய்கிற வெளிநாட்டுத் துப்பாக்கிகளை எம்.பி.க்கள் போன்ற குறிப்பிட்ட பிரிவினருக்குச் சகாய விலையில் கொடுக்கிற வழக்கம் வேறு இருந்தது. அதற்கு எவ்வளவு அடிதடி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் தெரு அதிகாரியின் பொடிசு மாடியில் இரண்டு ரூமாக மாறிய ரகசியம் இதுதான். அது நல்ல துப்பாக்கி என்பதால் மட்டும் இல்லை. சரியான எண்ணோடு கதவு சாத்துவதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டது.

இந்த இடத்தில் கான்பூருக்கு ஒரு ஷொட்டு. வெளியிலிருந்து வராது, ஜனங்கள் கேட்கிறார்கள் என்றதும் இங்கே கால்பி ரோடு சிறு ஆயுதத் தொழிற்சாலை .32 ரிவால்வர் செய்ய ஆரம்பித்தது. அதன் ஜாடையைப் பார்த்தால் வெப்லியின் பேரன் என்று குழந்தைகூடச் சொல்லும். அதே மாதிரி நடுவில் மடிகிற உடம்பு, உள்ளே ஓட்டை மட்டும் சின்னது. அதாவது வெள்ளைக்காரப் பட்டாளத்தின் உடம்பு ஆகும், தோட்டா ஆகாது! 2014-இல் அதே ஊர் பீரங்கித் தொழிற்சாலை 'நிர்பீக்' என்று டைட்டானியம் கலந்த அரைக்கிலோ ரிவால்வர் கொண்டுவந்தது. டெல்லியில் 2012-இல் நடந்த கொடுமைக்குப் பிறகு பெண்களுக்காக என்று விளம்பரம். விலை 1,22,360 ரூபாய். எந்தப் பெண் ஒன்றேகால் லட்சம் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறாள் என்று அப்போதே தங்கமணி கேட்டாள். அதுவும் .32. 2023-இல் வந்த 'பிரபல்' அதுவும் .32. எல்லாவற்றுக்கும் மேலே, அசல் வெப்லி கம்பெனியே கூட்டு சேர்ந்து லக்னோ பக்கம் ஹர்தோயி மாவட்டத்து சண்டீலாவில் (லட்டுக்குப் பேர்போன ஊர், வாங்கி வந்தால் வீட்டில் அன்றே காலி) ரிவால்வர் செய்ய வந்தது. என்ன அளவு? கேட்கவே வேண்டாம், .32. முப்பாட்டன் .455-ஐ வாங்க ஆள் இல்லாத மாநிலத்தில் கொள்ளுப்பேரன் .32 ஷோரூமில்.

சாச்சாவிடம் பிறகு இரண்டு மூன்று தடவை டீ குடிக்கப் போனேன். .32-ஐத் தவிர மற்றதும் ஓடாதா என்று கேட்டேன். ".22 கேட்டு யாரும் வர்றதில்ல. பொம்மைன்னு நினைக்கிறாங்க. .25 அழகா இருக்கும், கைக்குள்ள அடங்கும். ஆனா தோட்டாவுக்கு எங்க போவீங்க? நாலு தோட்டாவோட வாங்கிட்டுப் போனா அந்த நாலோட அது பேப்பர் வெயிட்" என்றார். அங்கேயும் சட்டம் தடுக்கவில்லை, தோட்டாதான் இல்லை.

நாம்தான் இப்படி விசித்திரமானவர்கள் என்று நினைக்கவேண்டாம். இத்தாலியிலும் ராணுவத்து 9 மி.மீ. தோட்டா கைத்துப்பாக்கியில் பொதுஜனத்துக்கு ஆகாது என்று வைத்திருந்தார்கள். உடனே தோட்டா ஓட்டின் நீளம் 19 மில்லிமீட்டருக்குப் பதில் 21 என்று ஒரு ரகம் அங்கே பெருகிவிட்டது. இரண்டு மில்லிமீட்டரில் சட்டம் திருப்தி! 2021 கடைசியில் போட்ட சட்டத்தால்தான் அந்தத் தடை நீங்கியது.

சட்டமே குறுக்கே வராத அமெரிக்காவில்கூட இந்தக் கதை உண்டு. 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. ஆட்கள் இரண்டு பேர் செத்தார்கள், ஐந்து பேருக்குக் காயம். 9 மி.மீ. குண்டு போதிய ஆழம் போகவில்லை என்று பழி அதன் தலையில் விழுந்தது. தேடித் தேடி 1990-இல் .40 என்ற புது அளவு வந்தது. போலீஸ் இலாகாக்கள் எல்லாம் அதன் பின்னால் ஓடின. பிறகு 9 மி.மீ. குண்டின் வடிவம் முன்னேறிவிட்டது, உதைப்பும் குறைவு, 2010களின் நடுவில் எஃப்.பி.ஐ. பழையபடி 9-க்கே திரும்பியது. ஊர் போலீசும் கூடவே திரும்பியது. அவர்கள் கழற்றிக் கொடுத்த .40 பிஸ்டல்கள் கூடைகூடையாகப் பழைய சந்தைக்கு வந்து விலை விழுந்தது. பிஸ்டலில் ஒரு கோளாறும் இல்லை.

மாதாஜியின் வெப்லிக்கு அமெரிக்காவில் ஒரு சகோதரக் கூட்டம் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். பிரிட்டிஷ் பட்டாளம் கழித்துப்போட்டதை அங்கே வாங்கி விற்றார்கள். .455 தோட்டா கிடைக்காது என்பதால், சுழலும் உருளையின் பின்பக்கத்தைச் சீவி, அங்கே தாராளமாகக் கிடைக்கிற .45 போகும்படி செய்தார்கள். அன்றைக்கு அப்படிச் சீவினதற்குத்தான் கிராக்கி. இன்றைக்குச் சேகரிப்பவர்கள் சீவாததைத் தேடுகிறார்கள், சீவினது விலை இறங்கிவிட்டது. சரி, இங்கே மாதாஜியுடையதைச் சீவினால்? விதியைத் திரும்பப் படியுங்கள், விளிம்பில்லாத .45-உம் அதே வரியில் இருக்கிறது. எழுதிய ஆள் எல்லா சந்தையும் அடைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்.

நிற்க. மாதாஜிக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது? சுருக்கமாகச் சொன்னேன். "பெரிய துப்பாக்கி மாதாஜி, அதனால்தான் சர்க்காருக்குப் பயம்." அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பயப்படுறவங்களே வாங்கிக்கட்டுமே" என்றார். பதில் இல்லை என்னிடம்.

மகனுக்குப் போன் செய்தோம். வாரிசாக அவர் லைசென்சுக்கு முயலலாம், ஆனால் தடை ரகம் என்பதால் டெல்லி வரை ஃபைல் போகவேண்டும். அவருக்கு லீவும் இல்லை, மனசும் இல்லை. "அதை வெச்சுக்கிட்டு வாடகை வீட்டுல நான் என்ன செய்ய அம்மா" என்றார், அதுவும் நியாயம்தான். பன்னிரண்டு போரையாவது விற்கலாம் என்று பார்த்தால், நேரம் பாருங்கள், அப்போதுதான் 2019 டிசம்பர் திருத்தம் வந்திருந்தது. அதுவரை ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், இனிமேல் இரண்டுதான். மூன்று வைத்திருப்பவர்கள் ஒரு வருஷத்துக்குள் ஒன்றைக் கழித்தாகவேண்டும். யாராவது .32-ஐக் கழிப்பார்களா? வீட்டில் மூலையில் கிடக்கிற தாத்தா காலத்துப் பன்னிரண்டு போரைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். சாச்சா கடைச் சுவர் முழுக்க அது. "பெஹன்ஜி, எடைக்குத்தான் போகும்" என்றார். கடைசியில் ஒரு கிராமத்துக்காரர் பயிரைக் கிளறுகிற நீலான் மான்களை விரட்ட என்று எடுத்துப்போனார். வந்த பணம் டீலர் வாடகை பாக்கிக்கும் பேத்தியின் அப்ளிகேஷன் செலவுக்கும் சரியாகப் போயிற்று.

ரிவால்வரை 2020 மார்ச் முதல் வாரத்தில் ஒப்படைத்தோம். ஊரடங்குக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால். மாதாஜி அன்று வெள்ளைப் புடவைக்கு மேல் டாக்குர் சாஹிபின் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தர் பதிவேட்டில் எண்ணைப் பார்த்துப் பார்த்து எழுதினார். ரசீதில் 'ரிவால்வர் ஒன்று, .455, பழையது' என்று இருந்தது. பர்மா வரைக்கும் போய்வந்த மாமனார், மூன்று தலைமுறை, எல்லாம் அந்த 'பழையது'க்குள்ளே. மால்கானா அறைக்குக் கொண்டுபோகும்போது எழுத்தர், "உறை தேவையில்லை, எடுத்துக்கோங்க" என்று தோல் உறையைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

இது என் தொழில் அல்லவா, கை தானாகப் போயிற்று. மரப்பட்டையில் பதனிட்ட எருமைத்தோல். எழுபத்தைந்து எண்பது வருஷத்துக்குப் பிறகும் மடித்தால் விரிசல் விடவில்லை. உள்பக்கம் மங்கலாக ஒரு முத்திரை, பழைய இங்கிலீஷ் எழுத்துக்கூட்டில் ஊர் பெயர், கான்பூர். பட்டாளத்துக்குச் சேணமும் உறையும் தைத்த ஊர் இதுதானே. துப்பாக்கி பிர்மிங்ஹாமிலிருந்து வந்ததாக இருக்கலாம், சட்டை மட்டும் இந்த ஊர்.

திரும்பும் வழியில் சாச்சா கடையில் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. உறையைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. "இதுக்கு லைசென்ஸ் வேண்டாம். டெல்லியில பழைய சாமான் சேர்க்கிறவங்க இருக்காங்க. ரெண்டாயிரம் தர்றேன்" என்றார். மாதாஜி என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பேத்தி இப்போது லக்னோவில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். முதல் வருஷ ஃபீஸ் மாதாஜியின் இரண்டு வளையல். உறைக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, மழை முடிந்ததும், நான் எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுக்கிறேன். அதற்குள் மாதாஜி ஸ்வெட்டர் பின்னுகிற ஊசிகளை வைத்திருக்கிறார். நீளத்துக்குக் கச்சிதமாக இருக்கிறது.